தமிழர் சாப்பிடுவதில்லை என்று சொன்ன கறி

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துத் தமிழர் சங்கத்துக்கு ஆண்டு விழா. பெரிய கிராணியார்தான் தலைவர். மலாயா ரப்பர் தோட்டங்களில் கணக்கெழுதுகிறவரைக் கிராணி என்பார்கள். தோட்டத்துத் துரைக்கு அடுத்தபடி அவர் சொன்னால் சொன்னதுதான். கழுத்தில் ரோஜா மாலையோடு மேடையில் நின்று, "கடல் கடந்து வந்தாலும் தமிழர் எல்லோரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்" என்று பேசினார். கூட்டம் கைதட்டியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துக் கடவுள் வாழ்த்துப் பாட வைத்தவள் என்பதால் எனக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கைதட்டவில்லை. மடியில் என் மகள் வயிற்றுப் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்த வாரம் ஒரு வயது முடிகிறது.

அவன் பிறந்த புதிதில் இந்த ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை என் மகனுக்கு என்ன செய்தார் என்பதை எழுதப் போகிறேன். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதி அனுப்புங்கள் என்று நம் மாத இதழின் ஆசிரியர் பல தடவை கேட்டுவிட்டார். கப்பல் பயணம், ரப்பர் மரம், சீனர் கடை என்று எதையாவது எழுதிக் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது எழுத விஷயம் இருக்கிறது. கறியைப் பற்றி. காயவைத்த மாட்டுக்கறியைப் பற்றி. முகம் சுளிக்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

2

எங்கள் சேரி கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரிப் பக்கம் போகிற வண்டிப்பாதையில் இருந்தது. ஊர்த்தெருவில் மாடு செத்தால் ஆள் வந்து வேலிக்கு அந்தப் பக்கமே நின்று சத்தம் போடுவான். "டேய், பெரிய ஊட்டு செவல பூட்ச்சி, வந்து தூக்கினு போங்கடா." நைனாவும் சித்தப்பாவும் மூங்கில் எடுத்துக்கொண்டு போவார்கள். கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போக வேண்டும். தூக்குவது எங்கள் கடமை. தூக்கியதைத் தின்பது எங்கள் குற்றம்.

எல்லா வீட்டுக்கும் கூறு போடுவார்கள். அன்று ஆக்கியது போக மிச்சம்தான் உப்புக்கண்டம். அம்மா தொடைக்கறியை நார் ஓடுகிற பக்கமாகவே நீள நீளமாக அரிவாள். குறுக்கே அரிந்தால் காய்ந்ததும் பொடிந்து போகும். மீஞ்சூர்ப் பக்கத்து உப்பளத்துக் கல்லுப்பு, மஞ்சள், இடித்த மிளகாய். இரவெல்லாம் பானையில் ஊறி, காலையில் கயிற்றில் கோத்துக் கொடியில் ஏறும். காக்கைக்குப் பயம் காட்ட ஒரு கறுப்புத் துணி. நல்ல வெயிலாக நாலு கண்டால் விறகுபோல ஆகிவிடும். கூலி வேலை இல்லாத மழை மாதங்களில் அதைத் தணலில் வாட்டி, கல்லில் தட்டி, நாராகப் பிய்த்துக் கத்தரிக்காயோடு போட்டால் வீடு முழுக்கச் சாப்பிடலாம். கொடி எப்போதும் வீட்டுக்குப் பின்னால், எருக்குழிக்கும் வேலிக்கும் நடுவில்தான். ஊர்த்தெருவிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது.

வயல் எலி, ஏரி ஆமை, ஈசல், உடும்பு எல்லாம் தின்றிருக்கிறோம். உடும்பை நாங்கள் மட்டும் தின்றோம் என்று யாரும் சொல்ல வேண்டாம். இடுப்பு வலிக்கு நல்லது என்று ஊர்த்தெருவிலிருந்து பொழுது சாய்ந்ததும் ஆள் வரும். அவர்கள் தின்றால் அது மருந்து.

பிள்ளை பெற்றவளுக்குத் தாய்வீட்டிலிருந்து உப்புக்கண்டம் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பால் ஊறும் என்பார்கள். அதைக் கொண்டுபோகவும் ஒரு முறை உண்டு. பழம்புடவைத் துணியில் வைத்து, நடுவில் ஒரு கரித்துண்டு போட்டு, நாலு பக்கமும் தைத்துவிட வேண்டும். வழியில் யார் கேட்டாலும் இன்னது என்று சொல்லக்கூடாது, பிரித்துக் காட்டக்கூடாது. கண் பட்டால் தாய்க்குப் பால் வற்றிவிடும். கிறிஸ்தவர்களுக்குக் கண்ணேறு ஏது என்று போதகர் கேட்பார். அவருக்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தைப்போம்.

எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியார், நான் மேலே சொன்ன பெரிய வீட்டின் இளைய மகன். இத்தனை கடல் தாண்டி வந்து, அதே ஊர்க்காரரிடம்தான் வந்து சேர்ந்தேன்.

3

என் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரஸ்ஸர் வேலை கிடைத்து வந்தார். மிஷன் பள்ளியில் படித்து ஆசிரியப் பயிற்சியும் முடித்திருந்ததால் எனக்கும் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஜப்பான்காரன் காலத்தில் ஒரு நாள் சீருடைக்காரர்கள் வந்து ஆம்பிளைகளை லாரியில் ஏற்றினார்கள். "ஒரு மாசத்துல வந்துடுவேன், புள்ளைங்கள பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். சயாமில் ரயில் பாதை போடப் போனவர்களில் அவர் திரும்பவில்லை. மகள் ரூத்துக்கு அப்போது விவரம் தெரியும். மகன் எபிநேசர் கைக்குழந்தை.

இந்த நாட்டில் என்னைத் திகைக்கவைத்தது கறிதான். டவுனில் சீனர் கடை வாசலில் வாத்தை அப்படியே தட்டையாக நசுக்கிக் காயப்போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். அவர்கள் வருஷப் பிறப்பு நெருங்கினால் சிவப்புச் சிவப்பாகப் பன்றிக் குடல் சரம், மல்லிகைச் சரம் தொங்குகிற மாதிரி. பன்றிக்கறியைச் சர்க்கரை போட்டுத் தட்டி, காகிதம்போல் உலர்த்தி, கரியடுப்பில் வாட்டி விற்பார்கள். தெருவே மணக்கும். தவளை, பாம்பு, பழந்தின்னி வௌவால் எதற்கும் ஒளிவுமறைவு இல்லை. மலாய்க்காரர் மாட்டுக்கறியை மசாலா தடவி உலர்த்தித் தெண்டெங் என்பார். பன்றியைத் தொடமாட்டார். ஆனால் சீனன் கடையைத் தாண்டும்போது காறித் துப்புவதும் இல்லை. துரைக்கோ தகர டப்பாவில் உப்பிட்ட மாட்டுக்கறி கப்பலில் வரும். அந்த டப்பாவைத் துரை பங்களாவுக்குத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பவர் கிராணியார்.

இத்தனையும் பார்த்தபிறகும் நான் கொடியை வீட்டுக்குப் பின்னால்தான் கட்டினேன். கூலிகளின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சீனர் இல்லையே, தமிழர்தானே இருந்தார்கள்.

இங்கே மத்தியானமானால் மழை. எபி சின்னவனாக இருந்தபோது பின்வாசல் படியில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். "அம்மா, மழ! மழ!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்க் கொடியை அவிழ்த்துவருவான். மழை பட்ட துண்டு நிற்காது, அன்றைக்கே வாட்டித் தின்றுவிட வேண்டும். அது கொண்டுவந்தவனுக்கு. சில நாள் வேண்டுமென்றே ஒரு துண்டை நனையவிட்டு வருகிறான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு டவுனில் இங்கிலீஷ் பள்ளி, விடுதி. அங்கே அவன் எபன். சனி ஞாயிறு வீட்டுக்கு வருவான். தமிழ்ப் புத்தகத்தை நீட்டினால், "இது எதுக்கும்மா இனிமே" என்பான். ஒருநாள், "அம்மா, அந்த நாத்தத்த என் சட்டைங்க கிட்ட வெக்காத. பசங்க கேக்கறாங்க" என்றான். நான் சட்டைகளை வேறு பெட்டிக்கு மாற்றினேன்.

4

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், பெரும்பாலும் சீனர்கள், இருந்துகொண்டு சண்டை போடுகிறார்கள், அவர்களுக்கு வெளியிலிருந்து உணவு போகக்கூடாது என்று அவசரகாலச் சட்டம் வந்தது. எங்கள் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு ஒரே ஒரு கேட் வைத்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் மத்தியானச் சோறுகூட எடுத்துப்போகக் கூடாது. பெண்களின் கூடையை, சைக்கிள் குழாயை எல்லாம் தட்டிப் பார்ப்பார்கள். கெடாமல் பல நாள் இருக்கும் பண்டம் என்றால் சந்தேகம் இரண்டு மடங்கு. பிடித்துக்கொண்டு போனால் வழக்கு இல்லாமலே உள்ளே வைக்கலாம்.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட ரூத்துக்குப் பிள்ளை பிறந்தது. பால் போதவில்லை, குழந்தை அழுகிறது என்று சொல்லி அனுப்பினாள். நான் டவுன் சந்தையில் பாய் கடையில் எருமைத் தொடை வாங்கி, அரிந்து, உப்புப் போட்டு, மழைக்கும் வெயிலுக்கும் நடுவே அடுப்புக்கு மேலேயும் தொங்கவிட்டு உலர்த்தினேன். பழம்புடவையில் வைத்துத் தைத்தேன். கரித்துண்டும் போட்டேன்.

சனிக்கிழமை வந்திருந்த எபியிடம் கொடுத்து, "அக்காகிட்ட குடுத்துட்டு வா. யார் கேட்டாலும் இன்னதுன்னு சொல்லாத, பிரிக்காத" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கி, சட்டைகளுக்கு நடுவே வைத்துச் சைக்கிளில் கட்டினான். ரூத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் அப்போது வேறெதுவும் இல்லை. வேலியையும் கேட்டையும் நாள்தோறும் பார்க்கிறவள்தான் நான். இருந்தும் இது சாப்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. தாய்வீட்டுச் சீர் என்றுதான் தோன்றியது.

5

கேட்டில் நடந்ததை, பக்கத்தில் நின்ற பால்வெட்டுக்காரி ஒருத்தி ஓடிவந்து சொன்னாள். காவலன் மூட்டையைக் கத்தியால் கிழித்தான். அன்று சோதனைக்கு வெள்ளைக்கார அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். கறுத்து, சுருண்டு, கயிறு கயிறாக இருந்ததை எடுத்து, "இது என்ன?" என்று எபியை இங்கிலீஷில் கேட்டிருக்கிறார்.

"தெரியாது சார்."

"யார் கொடுத்தது?"

"தெரியாது சார்."

கிராணியார் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். தோட்டத்து ஆள் யார், வெளியாள் யார் என்று அடையாளம் சொல்வது அவர் வேலை. அதிகாரி அவரிடம் ஒரு துண்டை நீட்டி, "தமிழர்கள் இதைச் சாப்பிடுவார்களா?" என்று கேட்டார். கிராணியார் கையில்கூட வாங்கவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு, "தமிழர் சாப்பிடுவதில்லை சார். சீனர் சாப்பாடு மாதிரி இருக்கிறது" என்றார்.

சீனர் சாப்பாடு என்றால் அன்றைக்கு அர்த்தம் ஒன்றுதான். காட்டுக்குப் போகிறது.

என் மகனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

6

டவுனுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் கிராணியார். ஆபீஸ் ஜன்னலருகே போய் நின்றேன். வேறு யாரும் இல்லாதபோது அவருக்கு நம் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? கேட்டாங்க, சொன்னேன்."

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"இந்த நாத்தத்தயெல்லாம் கப்பல் ஏறும்போதே கடல்ல போட்டுட்டு வந்திருக்கணும். டீச்சர் வேல பாக்கற. புள்ள இங்கிலீஷ் படிக்கறான். இன்னும் எதுக்கு இந்தப் பேஜாரு?"

"கையெழுத்துப் போடுங்க. பஸ் போயிடும்."

போட்டுக் கொடுத்தார். கையெழுத்துக்கு அடியில் என் பெயரை முழுசாக எழுதியிருந்தார், 'திருமதி' என்று மரியாதையோடு. எழுத்தில் அவர் எப்போதும் மரியாதைக்காரர்.

போலீஸ் நிலையத்தில் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு அனுப்பினார்கள். மலாய் மொழியில் கேட்டார்கள், இங்கிலீஷில் எழுதச் சொன்னார்கள். உறவு என்ற இடத்தில் 'தாய்' என்பதற்கு நான் எழுதிய இங்கிலீஷ் வார்த்தையை ஒருவன் சத்தமாக எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரித்தான். ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. இன்றைக்குப் போ, நாளைக்கு வா என்றார்கள். மறுநாளும் அதேதான்.

வெளியே ஒரு பாயின் டீக்கடையில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தேன். அவர் பழவேற்காட்டுக்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இன்னாம்மா இது அநியாயம்! பக்ரீத் முடிஞ்சா எங்க ஊட்ல கறி தொங்காத கயிறு ஒண்ணு இருக்குமா? அந்த ஆளுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? எங்கள ஒரு வார்த்த கேட்டா சொல்லியிருப்போமே" என்று கத்தினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி இருக்கிறாளா என்றுகூட யாரும் போய்ப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு தடவை எபியைப் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். சட்டையில் பொத்தான் இல்லை.

"சொல்லேன்டா, எங்கம்மா போட்டதுன்னு."

"மாட்டேன்."

"ஏன்?"

"நீதான யார்கிட்டயும் சொல்லாதன்ன."

கீழ்ப்படிந்த பிள்ளையின் பேச்சு இல்லை அது. இது இன்னது என்று வாயால் சொல்வதைவிட உள்ளே கிடப்பது மேல் என்று அவன் முடிவு செய்திருந்தான். அவன் அப்பாவை ஏற்றிய லாரியின் சத்தம் காதில் கேட்டது. இன்றுகூட ரோட்டில் ஜீப் போனால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

7

வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்; விசாரணை அறையில் எங்கள் மூட்டை மேசைமேல் கிடந்தது. கரித்துண்டைத் தனியாக ஒரு காகிதத்தில் வைத்திருந்தார்கள், அது ஏதோ ரகசியச் சங்கேதம் என்பதுபோல. கேட்டில் இருந்த அதே வெள்ளைக்கார அதிகாரி. சின்ன வயசு, வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. அவர் பின்னால் அலமாரியில் அவருடைய ரொட்டியும், கொம்போடு மாட்டுத் தலை போட்ட ஒரு தகர டப்பாவும். எபியைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். மொழிபெயர்க்கத் தோட்டத்திலிருந்து ஒருவரை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வந்திருந்தவர் கிராணியார்.

"இது என்னவென்று கேளுங்கள்" என்றார் அதிகாரி.

"இது இன்னாம்மா?" என்றார் கிராணியார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"உப்புக்கண்டம். மாட்டுக்கறி. நான் போட்டது. என் மவ புள்ள பெத்திருக்கா, அவளுக்குக் குடுத்தனுப்பினேன்."

கிராணியார் இங்கிலீஷில் சொன்னார்: "ஏதோ நாட்டு மருந்து என்கிறாள் சார். எனக்கும் தெளிவாக விளங்கவில்லை."

எனக்கு இங்கிலீஷ் பேசிப் பழக்கம் இல்லை. ஆனால் படித்தவள். காதில் விழுவது புரியும்.

"நோ சார்" என்றேன். "மெடிசின் நோ. மீட். கௌ மீட்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கிராணியார் பக்கம் திரும்பினேன். "கிராணியாரே, நான் தமிழ்ல சொல்றேன். ஒரு வார்த்த விடாம நீங்க சொல்லணும். விட்டீங்கன்னா எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல நானே சொல்லுவேன். அது இன்னும் அசிங்கமா இருக்கும்."

"இன்னாம்மா, மெரட்டறியா?"

"உங்க ஊட்டு செவல, கன்னு போட முடியாம செத்துதே, ஞாபகம் கீதா? நீங்க அரக்கால் சட்ட போட்டுக்கினு கெணத்தாண்ட நின்னுக்கினு அழுதீங்க. எங்க நைனாதான் தூக்கினு வந்தாரு. ரெண்டு நாள் கழிச்சி எங்க வேலியாண்ட வந்து கொடியப் பாத்துட்டு, 'எங்க செவலயா அது'ன்னு எங்கம்மாவக் கேட்டது யாரு? 'இல்ல சின்னய்யா, இது வேற மாடு'ன்னு எங்கம்மா உங்களுக்காக ஒரு பொய் சொன்னா. இப்ப என் புள்ளைக்காக நீங்க ஒரு நெசம் சொல்லுங்க."

அவர் மேசைமேல் இருந்த கரித்துண்டையே பார்த்தார். கழுத்தைச் சுற்றிச் சட்டை நனைந்திருந்தது.

"என்ன சொல்கிறாள்?" என்றார் அதிகாரி. மறுபடியும் கேட்டார்.

நானே ஆரம்பித்தேன். அவர் வீட்டு மாடு, என் அப்பா தூக்கினார், என் அம்மா காயவைத்தாள், நான் தின்றேன் என்று சொல்ல வேண்டும். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக விழுந்து, கடைசியில் 'இவருடைய மாட்டையும் அப்பாவையும் நான் தின்றேன்' என்கிற மாதிரி வந்துவிட்டது. அதிகாரி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். நான் அலமாரியிலிருந்த டப்பாவைக் காட்டினேன். "சேம், சார். யுவர்ஸ் டின். மைன் ரோப்."

அவர் டப்பாவைப் பார்த்தார். மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கிராணியாரிடம், "இவர்கள் இதைச் சாப்பிடுவது உண்மையா?" என்றார்.

"உண்மைதான் சார். எங்கள் ஜில்லாவில் அவர்கள் சாப்பிடுவார்கள்."

"அப்படியென்றால் தமிழர்கள் சாப்பிடுவதில்லை என்று ஏன் சொன்னீர்கள்?"

"தமிழர் சாப்பிடுவதில்லை என்றுதான் சொன்னேன் சார்" என்றார் கிராணியார். "அது சரிதானே?"

அதிகாரிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சுவரோரம் நின்ற எபிக்கும் விளங்கியது, அவன் தலை நிமிர்ந்ததைப் பார்த்தேன். பழிவாங்கச் சொன்ன வார்த்தையாக இருந்தால்கூட என் கோபம் ஆறியிருக்கும். அந்தக் குரலில் பகை இல்லை, பொய்யும் இல்லை. கேட்டிலும் அவர் தமக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அவருடைய சின்ன மகளுக்கு 'அ' எழுதக் கைபிடித்துக் கொடுத்தவள் நான். அவர் கணக்கில் நான் தமிழச்சி இல்லை.

8

அன்று மாலை எபியை விட்டார்கள். மூட்டையைத் தரவில்லை. பூஞ்சை பிடித்துவிட்டது என்று ஒரு காவலன் வெளியே கொண்டுபோய்க் கொட்டினான்.

பஸ்ஸில் எபி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தான். பிறகு, "ஏம்மா அங்க சொன்ன?" என்றான்.

"சொல்லலன்னா உன்ன விட்டிருப்பாங்களா?"

"விடலன்னா போவுது. கிராணி பையன் என் கிளாஸ்தான். திங்கக்கெழம எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

கை ஓங்கிவிட்டேன். பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவனை அடிக்கத்தான் கை போனது என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. வேறு யாரையோ அடிக்கப் போன கை, பக்கத்தில் இருந்தவன் அவன்.

நான் திரும்பவும் கறி வாங்கி, உலர்த்தி, இந்தத் தடவை தைக்காமல் ஒரு தட்டில் வைத்து, கேட்டில் எழுதி வாங்கிக்கொண்டு நானே ரூத்திடம் கொண்டுபோனேன். காவலன் எதிரில், கிராணியார் எதிரில், திறந்த தட்டில். எத்தனையோ கண் பட்டது. அவளுக்குப் பால் வற்றவில்லை. கண்ணேறு என்று சொல்லி எங்கள் பாட்டன் பாட்டி தைத்து மூடியது வேறெதை என்று அந்தக் கேட்டைத் தாண்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. மூடாமல் ஊர்த்தெரு வழியாகப் போக அவர்களை யார் விட்டார்கள்?

எபி இந்த ஒரு வருஷத்தில் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். ஒருதடவை உதடு கிழிந்து வந்தான். கேட்டதற்குப் பந்து பட்டது என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விழா முடிந்து எல்லோரும் கலையும்போது கிராணியார் மாலையும் கழுத்துமாக என்னிடமே வந்தார். சுற்றி ஆட்கள் நின்றார்கள். பேரன் கன்னத்தைத் தட்டி, "டீச்சர் பேரனா? தாய்ப்பால் குடிச்ச புள்ள, நல்லா கொழுகொழுன்னு இருக்கானே" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "எல்லாம் நீங்க சொன்ன சீனக்காரன் சாப்பாடுதான்."

சிரித்தபடியே போய்விட்டார். சிரிப்பு முழுசாக வரவில்லை. எனக்கு அது போதாது. அவர் மன்னிப்புக் கேட்டாலும் போதாது, கேட்கவும் மாட்டார். அதனால்தான் அவருடைய ஊர்க்காரர்கள் படிக்கிற இதழில் இதை எழுதுகிறேன்.

விழாவுக்கு மறுநாள் காலை முன்வாசலில் தூணுக்குத் தூண் கயிறு கட்டினேன். பேரன் பிறந்தநாளுக்கு என்று ரூத்தும் வந்திருக்கிறாள், எபிக்கும் லீவு. நீள நீளமாகக் கறியைக் கோத்துத் தொங்கவிட்டேன். எபி வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்து பார்த்தான்.

"இங்கயா?"

"இங்கதான்."

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டான்.

மத்தியானம் வானம் இருட்டியது. நான் பேரனைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன், எழுந்திருக்க முடியாது. ரூத் தூங்கிக்கொண்டிருந்தாள். எபியை நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவன் வராமல்போனால் என்ன செய்வது என்று இருந்தது. தகரக் கூரையில் முதல் சொட்டு விழுந்தது. உள்ளே நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது. அவன் முன்வாசலுக்கு ஓடினான்.

எதிர் லயத்தில் எல்லோரும் மழைக்கு ஒதுங்கிப் படியில் நின்றிருந்தார்கள். யாரோ ஒருவன் கத்தினான்: "இன்னா எபி, ஊட்லயே ரப்பர் ஷீட் காயப் போட்டுக்கீறீங்களா?"

சிரிப்புச் சத்தம் வந்தது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த எபியின் கை நின்றது. என் கை குழந்தையின் வயிற்றிலேயே நின்றது.

"இல்ல" என்றான் எபி, அவர்களுக்குக் கேட்கும்படி. "மாட்டுக்கறி. எங்கம்மா போட்டது."

சட்டையெல்லாம் மஞ்சளும் மிளகாயுமாக அத்தனையையும் மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான். என்னைத் தாண்டி அடுப்பங்கரைக்குப் போனான். என் பக்கம் பார்க்கவில்லை. கோபமாகத்தான் இருந்தான், அது யார்மேல் என்று நான் கேட்கவில்லை.

"ஒண்ணு நனஞ்சிட்டுது" என்றான். அதைப் பிரித்தெடுத்துத் தணலில் போட்டான்.